தேட ஆள் இல்லாதவர்கள்

போன சனிக்கிழமை இரவு, வெளியே மைனஸ் பதினெட்டு. ஸ்கார்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணா கொத்து ரொட்டிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார். "தம்பி, ஏதாவது துப்பறியிற படம் போடுங்கோ, பாட்டு இருக்கக் கூடாது" என்று உத்தரவு. 2011-ல் டேவிட் ஃபின்சர் எடுத்த 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' போட்டேன். நான் சென்னையில் இருந்த காலத்தில் இது தியேட்டருக்கு வரவே இல்லை. தணிக்கைக் குழு சில காட்சிகளை வெட்டச் சொன்னது, இயக்குநர் மறுத்துவிட்டார், படம் இந்தியாவில் வெளியாகவில்லை. பிறகு நாங்கள் எப்படிப் பார்த்தோம் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

கதை ஸ்வீடன் பத்திரிகையாளர் ஸ்டீக் லார்சனுடையது. மூன்று நாவல்களை எழுதி முடித்துவிட்டு 2004-ல், ஐம்பது வயதில் இறந்துபோனார். முதல் புத்தகம் அடுத்த வருடம்தான் அச்சில் வந்தது. அது உலகம் முழுக்க கோடிக்கணக்கில் விற்றதை மனுஷன் பார்க்கவே இல்லை. ஸ்வீடிஷ் மொழியில் அதன் தலைப்பு 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்த ஆண்கள் தலைப்பிலிருந்து நழுவிவிட்டார்கள். ஒரு பெண்ணும் அவள் உடம்பில் குத்திய பச்சையும்தான் மிச்சம்.

படத்தில் 1966-ல் ஒரு தீவிலிருந்து பதினாறு வயதுப் பெண் காணாமல் போகிறாள். அவளை வளர்த்த சின்னத் தாத்தா, பெரிய தொழிலதிபர், நாற்பது வருடமாகத் தேடுகிறார். அந்த வேடத்தில் நடித்த கிறிஸ்டோபர் பிளம்மர் நம்ம டொரண்டோவில் பிறந்தவர். பழைய புகைப்படங்கள், போலீஸ் கோப்புகள், வருடா வருடம் பிறந்தநாளுக்கு யாரோ அனுப்பும் உலர்ந்த பூ என எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறார். கடைசி முயற்சியாக ஒரு பத்திரிகையாளரைக் கூலிக்கு அமர்த்துகிறார். அவருக்குத் துணையாக வருகிறாள் லிஸ்பெத் என்ற ஹேக்கர் பெண்.

அந்தத் தாத்தா கோப்புகளை எடுத்துக் காட்டும் இடத்தில் அண்ணா கொத்து ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்: "உப்பிடித் தேடுறதுக்குக் காசு வேணும் தம்பி."

நான் படத்தை நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு படம் வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. கொலைகாரன் யாரென்று சொல்லி, பார்க்காதவர்களின் ராத்திரியைக் கெடுக்க மாட்டேன். அவன் யாரைத் தேர்ந்தெடுக்கிறான் என்பதுதான் விஷயம். வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், காணாமல் போனால் கேட்க நாதியில்லாத பெண்கள். பணக்காரக் குடும்பத்துப் பெண்ணுக்கு ஒரு முழு நாவல். அவர்களுக்கு ஒரு பக்கம் கூட இல்லை.

இந்த ஊரில் இருப்பவர்களுக்கு இது கதையாகத் தெரிய வாய்ப்பில்லை. 2010-க்கும் 2017-க்கும் இடையில் டொரண்டோவில் எட்டு ஆண்களைக் கொன்றவன் புரூஸ் மெக்ஆர்தர். தோட்ட வேலை செய்பவன். லீசைட் பகுதியில் அவன் வேலை பார்த்த வீட்டின் பெரிய பூந்தொட்டிகளில்தான் பெரும்பாலான உடல்கள் கிடைத்தன. அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் இலங்கை, ஆப்கானிஸ்தான், ஈரான், துருக்கி நாடுகளிலிருந்து வந்தவர்கள். இருவர் தமிழர்கள்.

முதலில் மறைந்தவர் தமிழர். 2010 செப்டம்பர். அப்போதுதான் ஆசையாக வளர்க்கத் தொடங்கிய நாய்க்குட்டியை விட்டுவிட்டு அவர் எங்கும் போயிருக்க மாட்டார் என்று நண்பர்கள் சொன்னார்கள். மேலும் இருவர் மறைந்த பிறகு, 2012-ல் போலீஸ் ஒரு தனிக்குழு அமைத்தது. 2013-ல் மெக்ஆர்தரையே கூப்பிட்டு விசாரித்து அனுப்பியது. 2014-ல் குழுவைக் கலைத்தது. 2017 டிசம்பரில் கூட, தொடர் கொலைகாரன் இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றார் அன்றைய போலீஸ் தலைவர். ஆறே வாரத்தில், 2018 ஜனவரி 18 அன்று, அவன் கைதானான்.

பிடிபட்ட விதம் லார்சன் நாவலில் வரக்கூடியது. கடைசியாகக் கொல்லப்பட்டவரின் நாட்காட்டியில் 'புரூஸ்' என்று ஒரு குறிப்பு. கண்காணிப்புக் கேமராவில் ஒரு சிவப்பு வேன். அவ்வளவுதான். அவர் வெள்ளையர், பலருக்கும் தெரிந்த சமூக ஆர்வலர். அவருக்காக நண்பர்கள் ஊரையே கூட்டினார்கள்.

இந்த வழக்கை ஆராய்ந்த முன்னாள் நீதிபதி குளோரியா எப்ஸ்டீனின் அறிக்கை 2021 ஏப்ரலில் வந்தது. 151 பரிந்துரைகள். கணினித் துறையில் இருப்பதால் எனக்கு ஒரு இடம் உறுத்தியது. இப்படிப்பட்ட வழக்குகளில் துப்புகளை ஒன்றோடொன்று இணைக்கவே ஒன்டாரியோவில் ஒரு மென்பொருள் இருக்கிறது. பால் பெர்னார்டோ வழக்கில் பட்ட சூட்டுக்குப் பிறகு வந்தது. அதை டொரண்டோ போலீஸ் ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை. லிஸ்பெத் மாதிரி யாரும் ஹேக் செய்யத் தேவையே இல்லை. இருந்த கணினியில் இருந்த தகவலைப் போட்டிருந்தாலே போதும். போடுமளவுக்கு அந்த ஆட்கள் முக்கியமாகத் தோன்றவில்லை.

இதுவரைக்கும் போலீசைத் திட்டியாயிற்று. அது சுலபம். இரண்டாவது தமிழரின் கதையில்தான் நமக்கு வாய் அடைக்கிறது.

அவர் 2010 ஆகஸ்டில் 492 பேரோடு 'சன் சீ' கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியா வந்தவர். அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. பிறகு அவரிடமிருந்து ஊருக்கு அழைப்பு நின்றது. நாடு கடத்திவிடுவார்கள் என்று பயந்து எங்கேயோ ஒளிந்திருக்கிறார் என்று குடும்பம் நினைத்தது. யாரும் புகார் கொடுக்கவில்லை. 2018 மார்ச்சில் போலீஸ் ஒரு இறந்த மனிதரின் முகத்தை வெளியிட்டு, இவர் யாரென்று தெரியுமா என்று கேட்டது. அடையாளம் தெரிய ஏப்ரல் நடுப்பகுதி ஆனது.

அந்தப் படம் என் போனுக்கும் வந்தது. வெல்லஸ்லி ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தேன். நம்ம ஊர் முகம் என்று தோன்றியது. யாரிடமாவது காட்டலாம் என்றும் தோன்றியது. ரயில் வந்தது, ஏறிவிட்டேன். நான் பட்டத்தோடும் விசாவோடும் விமானத்தில் வந்து இறங்கியவன். கப்பலில் வந்தவர்களைத் தெரிந்த யாரும் எனக்கு இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அண்ணா சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்.

ஒளிந்திருப்பார், மாண்ட்ரியால் போயிருப்பார், கல்யாணம் கட்டி யாரோடும் பேசாமல் இருப்பார் என்று நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் உண்மையாகவும் இருந்துவிடுகிறது. அதனால்தான் மேற்கொண்டு கேட்பதில்லை. தன்பாலீர்ப்பு, விசா இல்லை, குடி, கடன் என்று ஏதாவது ஒன்று கதையில் இருந்தால் கேட்கவே மாட்டோம், மானம் போய்விடும். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச்சங்கத்துக்கும் வீடு வீடாகப் போன் செய்து ஆள் சேர்க்கத் தெரிந்த சமூகம் இது. விசா இல்லாதவரைப் பற்றிப் புகார் கொடுத்தால் அவரை மாட்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் நியாயமானது. அந்தப் பயத்தைப் போக்கவேண்டியது அரசு. ஆனால் போலீசுக்குப் போகும் முன் செய்யக்கூடிய தேடல் ஒன்று இருக்கிறது, அதற்கு விசா தேவையில்லை.

படம் முடிந்தபோது மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. அண்ணா எழுந்திருக்கவில்லை. தன் வீட்டு பேஸ்மென்டில் முன்பு ஒரு பெடியன் வாடகைக்கு இருந்ததைச் சொன்னார். ஒருநாள் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. "மொன்றியல் போயிட்டான் எண்டு நினைச்சம். ஆர் சொன்னது எண்டு இப்ப யோசிச்சா ஒருத்தரும் சொல்லேல்ல."

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய நம்பருக்கு அடித்தார், அது வேலை செய்யவில்லை. அந்தப் பையன் முன்பு வேலை பார்த்த கடைக்கு அடித்தார். அங்கிருந்து ஒரு நண்பன் நம்பர், அவனிடமிருந்து இன்னொன்று. திங்கட்கிழமை மத்தியானம் நான் மீட்டிங்கில் இருக்கும்போது அண்ணாவின் குரல் செய்தி வந்தது.

"தம்பி, ஆள் இருக்கிறான். பிராம்ப்டனில லொறி ஓட்டுறான். ஏன் என்னைத் தேடினனீங்கள், வாடகைப் பாக்கியோ எண்டு கேக்கிறான்."