ஊர் சுற்றலாம் வாங்க: வீராணம் ஏரிக்கரை

சிதம்பரம் வருகிறவர்கள் நடராஜரைத் தரிசித்து, பிச்சாவரத்தில் படகும் ஏறிவிட்டு ஊர் திரும்பி விடுகிறார்கள். காட்டுமன்னார்கோவில் பஸ்ஸில் ஏறி லால்பேட்டையில் இறங்கிப் பாருங்கள், சகோதரிகளே. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு வீராணம் ஏரி!

முதலாம் பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் இராஜாதித்தன் வெட்டுவித்த ஏரி இது. படையோடு தங்கியிருந்தபோது வீரர்களைக் கொண்டே வெட்டினான் என்பார்கள். தகப்பனாரின் பட்டப்பெயரான வீரநாராயணன்தான் வாய்வழக்கில் வீராணம் ஆயிற்று. பாவம், அந்தப் பிள்ளை 949-ல் தக்கோலப் போரில் யானைமேல் இருந்தபடியே மாண்டான். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதும் இந்தக் கரையில், ஓர் ஆடிப் பெருக்கன்றுதான்.

நாங்களும் ஆடிப் பதினெட்டுக்குத்தான் போனோம். புளிச்சாதம், தயிர்சாதம், காப்பரிசி எல்லாம் கட்டிக்கொண்டு, சென்னையிலிருந்து வந்த நாத்தனாரும் அவள் ஏழு வயசுப் பெண்ணும் கூட. மஞ்சள் சரடு மாற்றிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தோம். குழந்தை கை கழுவ ஒரு செம்புத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தாள்.

"அடியே, உங்க வீட்டுக் குழாயில வர்றதும் இந்தத் தண்ணிதான், தெரியுமா?" என்றார் என் மாமியார்.

"பொய் சொல்றீங்க ஆயா!"

பொய்யில்லை. காவிரித் தண்ணீர் கொள்ளிடத்தில் 1836-ல் கட்டிய கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக ஏரிக்குள் விழுகிறது. இங்கிருந்து வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் சென்னைக்கு 2004 முதல் போகிறது. முதல் திட்டம் பாதியில் நின்றுபோய், ஆள் நுழையும் சிமெண்டுக் குழாய்கள் ரோட்டோரம் வருஷக்கணக்கில் கிடந்ததும், அதற்குள் சிலர் குடித்தனம் நடத்தியதும் எனக்கு நினைவிருக்கிறது.

ஆனால் இதே ஏரியை நம்பிச் சுமார் 45 ஆயிரம் ஏக்கர் நிலமும் இருக்கிறதே! ஒரு வருஷம் மதகு திறக்கத் தாமதமாகி, என் கொழுந்தனாரின் நாற்றங்கால் காய்ந்துவிட்டது. மறுபடி விதை வாங்க ஓரகத்தியின் வளையல் அடகுக்குப் போயிற்று. அன்று சென்னையிலிருந்த நாத்தனாருக்கு இது தெரியாது. கரையில் உட்கார்ந்துதான் மாமியார் சொன்னார். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைக் குறை சொல்வது? சென்னையிலும் குழந்தைகள் குடிக்கத்தானே வேண்டும்.

போகிறவர்கள் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் கொண்டு போங்கள். மதகுப் படிகள் பாசி பிடித்து வழுக்கும். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பறவை பார்க்க ஆசையென்றால் மார்கழி, தை நல்லது. லால்பேட்டையில் வெற்றிலைக் கொடிக்கால் உண்டு. மாமியார் ஒரு கவுளி வாங்கி மகள் பையில் வைத்து அனுப்பினார்.