முதற்பாட்டு எம்மொழியில்?

1984-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. பாடியவள் செலீனா என்னும் பதின்மூன்று அகவைச் சிறுமி. மெக்சிக்க வழியில் வந்தவள். ஆயினும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவள். இசைத்தட்டின் பாட்டுகளோ இசுபானிய மொழியின. அம்மொழியைச் சரிவரப் பேச அறியாத அவள், தந்தை சொல்லிக் கொடுத்தவற்றை ஒலியாகவே நெஞ்சில் நிறுத்திப் பாடினாள். பின்னாளில் பெரும்புகழ் எய்தி, மக்கள்முன் அம்மொழியிற் பேசவேண்டிய நிலை வந்தபோது அதனை முயன்று கற்றாள். 1995-இல் இருபத்து மூன்றாம் அகவையிற் கொலையுண்டு மறைந்தாள்.

இச்செய்தியில் தமிழ்ப் பெற்றோர் எண்ணிப் பார்க்கவேண்டியவை இரண்டு. அறியாத மொழியையும் குழந்தை பாடிவிடும் என்பது ஒன்று. அச்சிறுமி பாடியது அவள் முன்னோர் மொழி என்பது மற்றொன்று. வேற்றுமொழிச் சூழலில் வளர்ந்த மகளைத் தந்தை பாட்டின் வழியே தம் குடியின் மொழிக்கு மீட்டுவந்தார். தமிழ்நாட்டில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. தமிழ் பேசும் குழந்தையைப் பாட்டின் வழியே தமிழினின்று பிரிக்கின்றனர்.

கருநாடக இசை பயிலப் புகும் குழந்தையின் சுவடியைப் பிரித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். சுர வரிசைகள் முடிந்ததும் வரும் தொடக்கப் பாட்டுகள் புரந்தரதாசர் பெயரால் வழங்கும் பிறமொழிப் பாட்டுகள். அடுத்து வரும் வண்ணங்களிற் பெரும்பாலானவை தெலுங்கு. தமிழ் எழுத்தில் அடங்காத ஒலிகளைக் காட்டக் ககரத்தின் தலையில் 2 என்றும் 3 என்றும் 4 என்றும் எண்களை ஏற்றி அச்சிடுகின்றனர். பொருள் அறியாத சொல்லை, எண் சுமந்த எழுத்தில், குழந்தை உருப்போடுகின்றது. ஆண்டுகள் பல சென்றபின், அரங்கின் இறுதியில் ‘துக்கடா’ என்னும் சிறு பெயருடன் தமிழ்ப்பாட்டு அதன் வாய்க்கு வந்து சேர்கின்றது.

இது நடப்பது எந்த மண்ணில்? காவிரி கடலொடு கலக்கும் திருக்கடையூர்ப் பகுதியைப் பாருங்கள். திருக்கடவூர் எனத் தேவார மூவராலும் பாடப்பெற்ற ஊர் அது. தமிழிற் கோவை பாடி மூவேந்தரிடமும் பரிசில் பெற்றார் எனப் பெரியபுராணம் போற்றும் காரி நாயனாரின் ஊரும் அதுவே. அபிராமி பட்டர் அந்தாதியின் நூறு பாக்களையும் பாடியது மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில். எனினும் அவர் வாயிற் பிறந்தது தமிழே. அருகிலுள்ள தில்லையாடியிற் பிறந்தவர் இராமநாடகம் தந்த அருணாசலக் கவிராயர் (1711–1779). வடக்கே சீர்காழியில் முத்துத்தாண்டவர். தில்லைவிடங்கனில் மாரிமுத்தாப் பிள்ளை (1712–1787). அதே சீர்காழியில் மூன்று அகவையிற் பாடத் தொடங்கியவர் எனப் போற்றப்பெறும் திருஞானசம்பந்தர், தம்மைத் தமிழோடு சேர்த்தே பெயர் சொல்லிக்கொண்டார். குழந்தைப் பாடகர் என்று உலகிற்குக் காட்ட இவரினும் சிறந்த சான்று தமிழர்க்கு வேண்டுமோ?

இத்தனை வளம் இருந்தும் தமிழ் பின்தள்ளப்பட்டது ஏன்? தஞ்சையில் 16-ஆம் நூற்றாண்டு முதல் 17-ஆம் நூற்றாண்டுவரை தெலுங்கு பேசிய நாயக்கரும், அவர்க்குப்பின் 1855 வரை மராட்டியரும் அரசு செலுத்தினர். அரசவை எம்மொழியை விரும்பியதோ அம்மொழிப் பாட்டிற்கே பொன்னும் நிலமும் கிடைத்தன. புரவலன் மொழி புலமையின் மொழியாயிற்று; நாளடைவில் அதுவே இசையின் மொழி என்னும் மயக்கமும் வேரூன்றியது.

இம்மயக்கத்தை உடைக்கவே 1941-இல் அண்ணாமலை நகரில் அண்ணாமலை அரசர் துணையோடு தமிழிசை இயக்கம் எழுந்தது. 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் பிறந்தது. ஆயினும் 1946-இல் திருவையாற்று விழாவிலே தண்டபாணி தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடியது குற்றமாகப் பேசப்பட்டது. தமிழ்நாட்டில், காவிரிக் கரையில், தமிழன் தமிழில் பாடியது குற்றம்! அன்றைய போராட்டத்தால் அரங்கு ஓரளவு திறந்தது. குழந்தையின் சுவடியோ இன்னும் திறக்கவில்லை.

“இசைக்கு மொழி ஏது?” என வினவுவோர் உளர். குழலுக்கும் யாழுக்கும் நாகசுரத்திற்கும் அது பொருந்தும். வாய்ப்பாட்டிற்குப் பொருந்தாது. சொல்லே இன்றிப் பாடலாம் என்றால் தெலுங்குச் சொல் மட்டும் எதற்கு? சொல் வேண்டும் என்றால் தமிழ்ச்சொல் ஏன் ஆகாது?

தெலுங்கின்மேல் தமிழர்க்குப் பகையில்லை. திருவாரூரிற் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்த தியாகராசர் (1767–1847), சுற்றிலும் தமிழே ஒலித்த நாட்டில் தம் தாய்மொழியான தெலுங்கிற் பாடினார். நெஞ்சு உருகப் பாடுவோன் தன் மொழியிற் பாடுவான் என்பதே அவர் வாழ்வு கற்பிக்கும் பாடம். அவரைப் போற்றுவோர் அவர் மொழியைப் பின்பற்றுகின்றனர். அவர் வழியைப் பின்பற்றுவாரில்லை.

திருக்கடையூரில் ஆண்டு முழுவதும் அறுபதாம், எண்பதாம் அகவை நிறைவு மணவிழாக்கள் நடைபெறுகின்றன. உலகின் பல நாடுகளிலிருந்தும் பேரக்குழந்தைகள் வந்து கூடுகின்றனர். பாட்டன் பாட்டியர்க்குப் புரியாத மொழியில் சடங்கு நடக்கின்றது. பேரக்குழந்தை பாடும் பாட்டும் அவர்க்குப் புரியாததாயின், மூன்று தலைமுறை ஒரே பந்தலின்கீழ் இருந்தும் அவர்களை இணைக்கும் சொல் எது? இழக்கப்படுவது பாட்டு மட்டும் அன்று; தலைமுறைகளுக்கு இடையிலுள்ள பாலமே இழக்கப்படுகின்றது.

செய்யவேண்டியவை அரியனவல்ல. குழந்தையின் முதற்பாட்டு தமிழ்ப்பாட்டாக இருத்தல் வேண்டும். தேவாரப் பண்களும், தமிழிசை மூவரின் பாட்டுகளும், பாவேந்தரின் இளைஞர் இலக்கியமும் கையெட்டும் தொலைவில் உள்ளன. தமிழில் எளிய தொடக்கப் பாட்டுகளையும் வண்ணங்களையும் புதிதாக யாக்க இசை வல்லார் முன்வருதல் வேண்டும். ஆசிரியர் பொருள் சொல்லிய பின்னரே பண்ணைக் கற்பித்தல் வேண்டும். பிறமொழிப் பாட்டு அதன்பின் வரட்டும். அதுவும் பொருளோடு வரட்டும்.

இவற்றிற்கு அரசாணை வரும் எனக் காத்திருத்தல் வேண்டா. கட்டணம் செலுத்தும் பெற்றோர், “எம் குழந்தைக்கு முதலில் தமிழ்ப்பாட்டு” என ஒரு சொல் சொன்னாற் போதும். ஆசிரியர் சுவடி மாறும். கடல் கடந்த நாட்டில் ஒரு தந்தை தம் மகளை முன்னோர் மொழிக்கு மீட்டார். சொந்த மண்ணிலேயே வாழும் தமிழர், தம் மக்கள் வாயினின்று தமிழை நழுவ விடலாமோ?