பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டதும், "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுங்க" என்றாள் மனைவி. போடவில்லை. அதன் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிதான் இன்று என் மேசையில் பவர் சப்ளை. 24 முள் கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும். அதைப் பக்கத்துக் கறுப்போடு சேர்த்தால் விசிறி சுழலும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஒருமுறை வாங்கியிருக்கிறேன், முழங்கை வரை ஏறியது.

2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் தலையில் கட்டுகின்றன. நல்லதுதான். ஆனால் நன்றாக ஓடும் மோட்டாரையும் விசிறியையும் எதற்கு நொறுக்க வேண்டும்? சேகரிப்பு மையங்களில் ஓர் அலமாரி ஒதுக்கி, கிலோ விலைக்குக் கொடுக்கட்டும். பேட்டரியை வேண்டுமானால் அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அது விளையாட்டுச் சாமான் இல்லை.

இரண்டு டிவிடி டிரைவ்களில் கழற்றிய ஸ்டெப்பர் மோட்டார்கள் இப்போது என் பேத்திக்குக் காகிதத்தில் கோலம் போடுகின்றன, நான்கு சென்டிமீட்டர் சதுரத்துக்குள். சுழி வளைவில்தான் பேனா இன்னும் திக்குகிறது.