மருந்து ஒன்று, உடல்கள் பல

மருந்து ஒன்றே, அளவும் ஒன்றே. ஒருவருக்கு நோய் தீர்கிறது. மற்றொருவருக்குக் கல்லீரல் கெடுகிறது. ஏன்? காசநோய் மருந்தான ஐசோனியசிடைச் சிலர் உடல் விரைந்து மாற்றிவிடும். சிலர் உடல் மெல்ல மாற்றும். ‘நாட்-2’ மரபணுவின் வேறுபாடே காரணம். 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் தோன்றிய காசநோய் மருத்துவ ஆய்வு மையம் இதனை அன்றே ஆராய்ந்தது.

சிலரை மட்டும் சோதித்து இத்தகைய வேறுபாடுகளை எல்லாம் அறிய இயலாது. பலருடைய விவரங்களும் ஓரிடத்தில் சேர வேண்டும். ஏறத்தாழ 10,000 இந்தியரின் மரபணு விவரங்கள் ஃபரிதாபாத் தரவு மையத்தில் சேர்ந்துள்ளன. 2025 சனவரியில் ஆய்வாளர்க்கு அவை திறக்கப்பட்டன. நன்று! ஆயினும் குருதி தந்தவரின் அடையாளம் காக்கப்படட்டும். ஆய்வின் பயன் கீழ்பென்னாத்தூர்ச் சிற்றூர்களின் சுகாதார நிலையங்கள் வரை வரட்டும். ஊரார் நெல்லால் நிறைந்த பத்தாயம் ஊரார் பசிக்குத் திறக்கவில்லையெனில், அது இருந்தென்ன பயன்?