வலியும் மின்சாரமும்

'தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்' என்பது பழமொழி. வலி பிறர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனாலேயே அதனால் வாடுவோரை நாம் எளிதில் நம்புவதில்லை.

காலில் இடித்துக்கொண்டால் உடனே அவ்விடத்தைத் தேய்க்கிறோம். வலி சற்றே தணிகிறது. ஏன்? தொடு உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்புகள், தண்டுவடத்தில் வலிச் செய்திக்குக் கதவடைக்கின்றன என்று 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் விளக்கினர். 1967-இல் வாலும் ஸ்வீட்டும் மின்தூண்டலால் சிலருக்கு வலி தற்காலிகமாக நீங்கக் கண்டனர். இன்று தோலில் ஒட்டிப் பயன்படுத்தும் 'டென்ஸ்' கருவி அவ்வழி வந்ததே.

அப்படியானால் நாள்பட்ட வலிக்கு விடிவு பிறந்துவிட்டதா? பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2019-ஆம் ஆண்டுக் காக்ரேன் அறிக்கை, இதன் பயனை உறுதியாகக் கூறப் போதிய சான்றில்லை என்றது. விளம்பரங்களோ, 'வலி பறந்தோடும்' என்கின்றன!

என் பாட்டியும் அதை நம்பி ஒரு கருவி வாங்கினார். மின்சாரம் ஓடும்வரை முழங்கால் இதமாயிருந்தது. நிறுத்தியதும் வலி திரும்பியது. கருவி இப்போது அலமாரியில் உறங்குகிறது.

நான் கருவியைப் பழிக்கவில்லை. வலியால் துடிப்பவருக்குச் சிறிது நேர இதமும் பெரிதே. ஆனால் இதம் வேறு, குணம் வேறு. இயன்முறை மருத்துவரிடம் சிலமுறை பயன்படுத்திப் பார்த்து, பலன் தெரிந்த பின்னரே விலைகொடுத்து வாங்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோர் மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது.

நண்பர்களே, வலியை நம்புவோம், விளம்பரத்தை ஆராய்வோம்!