செய்மதி கடலை அளக்கிறது. கரையை யார் அளப்பது?

பன்வில மலைகளில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் கடல் மட்டம் உயர்வது பற்றிய செய்திகள் இங்கும் எங்களுக்கு அந்நியமல்ல. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்குச் சென்று குடியேறியவர்கள் ஏராளம். போரையும் சுனாமியையும் அவர்களும் அனுபவித்தார்கள்.

1992இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் முதல் இன்றைய சென்டினல்-6 வரையான செய்மதிகள் சுமார் 1,336 கிலோமீற்றர் உயரத்தில் இருந்து ராடார் அலைகளைக் கடலுக்கு அனுப்புகின்றன. அவை பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு கடல் மேற்பரப்பின் உயரம் கணிக்கப்படுகிறது. 1993 தொடக்கம் உலகக் கடல் மட்டம் சராசரியாகச் சுமார் 10 சென்ரிமீற்றர் உயர்ந்திருப்பதை இந்த அளவீடுகளே காட்டுகின்றன.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று, நிலநடுக்கம் நிகழ்ந்து சுமார் இரண்டு மணித்தியாலங்களில் ஜேசன்-1 செய்மதி வங்காள விரிகுடாவைக் கடந்தது. ஆழ்கடலில் சுமார் 60 சென்ரிமீற்றர் உயரமான சுனாமி அலையை அது பதிவு செய்தது. அந்தத் தரவு ஆய்வாளர்களின் கைக்கு வருவதற்குள் முல்லைத்தீவுக் கரை அழிந்துவிட்டது. கரையை நெருங்கும்போது நிலத்தில் பட்டுத் திரும்பும் அலைகளும் கலப்பதால், அளவீட்டின் துல்லியமும் குறைகிறது. எனவே கரையோரத்தில் அலைமானிகளும், ஊர் ஊராக நில உயர அளவீடும் தேவை.

அது இல்லாதபோது என்ன நடக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். சுனாமிக்குப் பின்னர் அரசாங்கம் அறிவித்த கரையோரத் தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். ஒவ்வோர் ஊரின் மேடுபள்ளத்தையும் பார்த்து வரையப்பட்ட கோடல்ல அது. கடும் எதிர்ப்புக்குப் பின்னரே அது தளர்த்தப்பட்டது.

நாளை கடல் மட்ட உயர்வைக் காட்டி மீண்டும் ஒரு கோடு வரையப்படலாம். பாதுகாப்பு என்ற பெயரில் ஆண்டுக்கணக்காகச் சொந்தக் காணிக்குப் போக முடியாதிருந்த மக்களுக்கு அது இன்னொரு தடையாகிவிடக்கூடாது. மண்சரிவு அபாயம் என்று சொல்லி வெளியேறச் சொல்லும்போது, "மாற்றுக் காணி எங்கே?" என்பதே இங்குள்ள தோட்ட மக்களின் முதற் கேள்வி. கரையோர மக்களின் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

செய்மதித் தரவுகள் எவரும் இலவசமாகப் பெறக்கூடியவை. அவற்றை உள்ளூர் அளவீடுகளுடன் சேர்த்து, தமிழில், பிரதேச செயலகங்கள் ஊடாக மக்கள் முன் வைக்க வேண்டும். கோடு வரைவதற்கு முன்னர் அளவீடும் மாற்றுக் காணியும் மேசைக்கு வரவேண்டும் என்று நாம் இப்போதே கேட்க வேண்டும்.