பின்னால் கேட்கும் காலடி

அடர்ந்த காடு. வீடியோ கேமின் நாயகி பதுங்கிப் பதுங்கி நடக்கிறாள். வலது பின்பக்கம் சருகு மிதிபடும் சத்தம். விளையாடும் பையன் சட்டென்று அவளைத் திருப்புகிறான். தப்பித்தாள்!

அந்தச் சருகுச் சத்தம் சரியான மூலையிலிருந்து கேட்க, பின்னணியில் எத்தனை பேரின் உழைப்பு தெரியுமா?

சினிமாவில் எந்தச் சத்தம் எந்த ஸ்பீக்கரில் என்பதை முன்கூட்டியே பதிந்துவிடுவார்கள். கேமில் முடியாது. ஆடுபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாருக்குத் தெரியும்? அவர் திரும்பினால், வலப்பக்கச் சத்தம் அந்தக் கணமே இடப்பக்கம் போயாக வேண்டும். 2001-ல் வெளியான முதல் எக்ஸ்பாக்ஸ், ஆட்டம் நடக்கும்போதே இந்தக் கணக்கைப் போட்டு, 5.1 டால்பி டிஜிட்டல் ஒலியாகத் தந்தது.

5.1 என்பது ஆறு சேனல்கள். முன்னால் இடது, வலது, நடு. பின்னால் இடது, வலது. வெடிச்சத்தம் போன்ற கனத்த ஒலிக்கு சப்-ஊஃபர். அதுதான் அந்த '.1'.

இந்த ஆறையும் அடுக்குவதில்தான் வம்பு. ஒரு முறைப்படி இடது, வலது, நடு, சப்-ஊஃபர், பின் இடது, பின் வலது. சினிமா ஸ்டுடியோக்களில் புழங்கும் இன்னொரு முறைப்படி இடது, நடு, வலது, பின் இடது, பின் வலது, சப்-ஊஃபர். கேம் ஒரு வரிசையில் அனுப்பி, கன்சோல் வேறு வரிசையில் வாங்கினால் போச்சு! நடுவில் கேட்க வேண்டிய வசனம் வலப்பக்கம் கேட்கும். வெடிச்சத்தம் முதுகுப்பக்கச் சின்ன ஸ்பீக்கரில் கரகரக்கும். ஆனால் கேம் நிற்காது; திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் அனுப்பி, உட்கார்ந்து கேட்டுச் சோதிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த சவால், நம் வீட்டு டிவி. அதில் பெரும்பாலும் இரண்டே ஸ்பீக்கர். நடு சேனலில் இருக்கும் வசனத்தை இரண்டுக்கும் சமமாகப் பிரித்துக் கலக்க வேண்டும். மறந்தால், இசை முழங்கும். வசனம் காணாமல் போகும்.

'விளையாட்டுதானே' என்று விட்டுவிட முடியாது. 2020-ல் வெளியான 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2', அறுபதுக்கும் மேற்பட்ட உதவி வசதிகளுடன் வந்தது. பார்வையற்றவர்களும் ஒலிக்குறிப்புகளை வைத்தே அதை ஆட முடிகிறது. அவர்களுக்குச் சத்தம்தான் பாதை. பக்கம் மாறிக் கேட்டால் வழியே மாறிப்போகும்.

உங்கள் பிள்ளை, "பேசுறது சரியா கேக்கலை" என்றால் உடனே புது ஸ்பீக்கர் வாங்க ஓடாதீர்கள். கன்சோலின் சவுண்ட் செட்டிங்ஸைத் திறந்து பாருங்கள். இரண்டு ஸ்பீக்கர் உள்ள வீட்டில் '5.1' என்று தேர்வாகியிருந்தால், ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். தொலைந்த வசனம் திரும்பி வரலாம், செலவே இல்லாமல்!